ஹெல்மெட் இல்லாததைப் பார்த்த கேமரா இன்சூரன்ஸ் இல்லாததையும் பார்க்கட்டும்: சேலம் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாநகரிலும் மாவட்டத்திலும் போக்குவரத்துக் கேமராக்களுக்குப் பொறுப்பான காவல் அதிகாரிகளுக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும்,

என் மாமாவின் விபத்து வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஆனால் அந்தப் பணம் வராது என்று எங்களுக்கும் தெரியும், உத்தரவிட்ட நீதிமன்றத்துக்கும் தெரியும். மோதிய பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்லை. இருந்தாலும், தீர்ப்பைப் படித்துவிட்டு நான் இதை எழுத உட்காரவில்லை. வழக்குக் கட்டுக்குள் இருக்கும் வேறொரு தாள்தான் என்னை எழுத வைக்கிறது.

அது ஒரு இ-சலான், அதாவது கேமரா படத்தை வைத்துப் போடும் அபராதச் சீட்டு. ஆர்.சி. நகலில் இருந்த சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களைப் போட்டு நானே எடுத்த பிரிண்ட். விபத்துக்குச் சில மாதம் முன்னால், இதே ஊரின் ஒரு சிக்னலில், கேமரா அந்த பைக்கைப் படம் பிடித்திருக்கிறது. ஓட்டியவர் தலையில் ஹெல்மெட் இல்லை. நம்பர் பிளேட் தனிக் கட்டத்தில் பெரிதாகத் தெரிகிறது, ஓர் எழுத்தும் மங்கவில்லை. இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. அபராதம் 1000 ரூபாய். அன்றைய தேதியில் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து ஏற்கெனவே பல வாரம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

நம்பரைப் படிக்க முடிந்த கேமராவால், அந்த நம்பருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியாதா? முடியும். எம்பரிவாகன் செயலியை வைத்திருக்கும் கல்லூரிப் பையன்கூட நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று பார்த்துவிடுகிறான். வண்டிப் பதிவுகள் எல்லாம் இருக்கும் ‘வாகன்’ என்ற அரசுத் தரவுத்தளத்தில் உள்ள அதே தகவல்தான். சலான் போடும் முறையும் அந்தத் தரவுத்தளத்தில் இருந்துதான் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் எடுக்கிறது. பெயரை எடுத்தவர்கள் பக்கத்தில் இருக்கும் தேதியை ஏன் எடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

நான் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து நஷ்ட ஈட்டு மனுக் கட்டுகள்தான் என் கையில் அதிகம் புரள்பவை. ஒரு விபத்து வழக்கு வந்தால் நாங்கள் முதலில் தேடுவது எஃப்.ஐ.ஆரை அல்ல, மோதிய வண்டியின் பாலிசி எண்ணை. அது இருந்தால், கம்பெனி எவ்வளவு வாதாடினாலும் கடைசியில் பணம் கோர்ட்டில் கட்டப்படும் என்று கட்சிக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம். அந்த இடம் காலியாக இருந்தால், ஓட்டியவரையும் உரிமையாளரையும் மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டு, வழியில்லாமல் வழக்கு நடத்துகிறோம்.

மாமா லீ பஜாரில் மூட்டை தூக்குபவர். 2024-இல் ஒரு சாயங்காலம், கன்னங்குறிச்சி ரோட்டைக் கடக்கும்போது அந்த பைக் மோதியது. தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் போயிற்று. 2021-இல் அதைத் தொடங்கியவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அதற்கப்புறம் உள்ளே வைத்த ராடு, பிசியோதெரபி, ஆட்டோச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள் எல்லாம் எங்கள் தலையில். எலும்பு கூடிவிட்டது. முழங்கால் மட்டும் முழுசாக மடங்குவதில்லை. மூட்டையைத் தோளில் வாங்கும்போது முழங்காலை மடக்கி, பாரத்தை உள்வாங்கி எழ வேண்டும். மடங்காத காலை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. இப்போது ஒரு மண்டி வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுக்கிறார். பழைய கூலியில் பாதிகூடத் தேறுவதில்லை.

எதிர்த்தரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் பெயர் சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்யும் ஒருவருடையது. 2018 கடைசியில் புதிதாக எடுத்த வண்டி. பணமுடையில், பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கடைக்கு விற்றிருக்கிறார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டு, “பேர் நாங்க மாத்திக்கிறோம்” என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. வண்டி இன்னும் இரண்டு கை மாறி, சமையல் வேலைக்குப் போகும் ஒரு பையனிடம் வந்து சேர்ந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் வண்டியைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிப் போன கொலுசுக்காரர் மேல்தான் தொகை விழுந்தது. கோர்ட் வராந்தாவில் அவர் மனைவி என்னிடம் வந்து, “வித்த வண்டிங்க. இடிச்சவன் யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க எப்படிங்க கட்டறது?” என்று கேட்டார். எங்கள் பக்கம் வழக்கு நடத்தும் ஆளிடமே வந்து கேட்கிறார் என்றால் அந்த வீட்டு நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி, தீர்ப்பாயம் ஆட்சியருக்குச் சான்று அனுப்பினால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவரிடம் எதை ஜப்தி செய்வது? இரண்டு ஏழைக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று எதிரியாகிக் கிடக்கின்றன.

ஹெல்மெட் சலானைக் கேமரா அனுப்பிய அன்று, “உங்கள் பெயரில் இருக்கும் இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, ஆனால் ரோட்டில் ஓடுகிறது” என்று ஒரு கடிதம் சிவதாபுரத்துக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? விற்ற வண்டி இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும். ஓடிப்போய்க் கடைக்காரரைப் பிடித்திருப்பார். வண்டி வைத்திருந்த பையனுக்கும் தகவல் போயிருக்கும். அந்த ஹெல்மெட் சலானின் எஸ்.எம்.எஸ்.கூடக் கொலுசுக்காரருக்கு வரவில்லை. வண்டி எடுத்த நாளில் பதிவு செய்து கொடுத்த புரோக்கர் தன் போன் நம்பரைப் போட்டிருக்கிறார். இது அபூர்வம் இல்லை. நான் பார்க்கும் கட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது.

சட்டத்தில் குறை இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டி மோதி அடிபடும் வெளியாளுக்கான இன்சூரன்ஸ், இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 196-ஆம் பிரிவில் முதல் தடவை 2000 ரூபாய், அடுத்த தடவை 4000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. கேமரா வைத்துக் கண்காணிக்க 2019 திருத்தத்தில் 136ஏ பிரிவும், 2021-இல் அதற்கான விதியும் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ஆக, புதிதாக எந்த அதிகாரமும் யாரும் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய கார்களுக்கு மூன்று வருஷம், இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருஷம் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் ஐந்து வருஷம் இன்சூரன்ஸைப் பற்றி நினைக்காமலே ஓட்டிய ஆளுக்கு ஆறாவது வருஷம் அது ஞாபகத்தில் இருக்காது. அதற்குள் பாதி வண்டிகள் கைமாறியும் இருக்கும். மாமா மேல் மோதிய வண்டி அப்படித்தான் 2023 கடைசியில் காப்பீடு இல்லாமல் போனது. அந்த உத்தரவுக்குப் பிறகு விற்ற வண்டிகள் வருஷா வருஷம் அதே கட்டத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆறாவது வருஷத்தில் உரிமையாளரைத் தட்டி எழுப்ப ஆள் வேண்டும். அதை ரோட்டில் நிற்கும் கேமராவை விடச் சரியாகச் செய்யக்கூடியது வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதில் வயிறெரியும் சங்கதி ஒன்று இருக்கிறது. மோதிய வண்டி நிற்காமல் ஓடி, கடைசிவரை எதுவென்றே தெரியாமல் போனால், படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம் என்று 2022 முதல் மத்திய அரசின் திட்டத்தில் கிடைக்கும். அந்தப் பையன் ஓடவில்லை. மாமாவை ஆட்டோவில் ஏற்றியதே அவன்தான். வண்டி எதுவென்று தெரிந்துவிட்டதால் மாமாவுக்கு அந்த 50,000-மும் இல்லை. மனிதத்தன்மையோடு நின்றதற்கு ஒரு பலனும் இல்லை என்று ஆகிவிட்டது.

கேமராவை வைத்து ஏழைகளிடம் மேலும் பணம் பிடுங்கச் சொல்கிறாயா என்று என் கூட வேலை பார்ப்பவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் கேட்பது அதுவல்ல. 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 2022 ஜூன் பட்டியல்படி ஒரு வருஷ மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 843 ரூபாய்க்குள் வரும். ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பீட்டையும் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம். இன்சூரன்ஸ் இல்லாத ஆளிடம் 2000 ரூபாய் அபராதம் வாங்கினால் என்ன ஆகும்? கையிலிருந்த காசு அபராதத்தில் போய்விடும், பாலிசி எடுக்கக் காசு இருக்காது, மறுநாளும் அதே வண்டி காப்பீடு இல்லாமலே ஓடும். அரசுக்கு 2000 வந்தது, ரோட்டில் நடப்பவருக்கு ஒரு பாதுகாப்பும் வரவில்லை. அந்த 2000 ரூபாயில் ஒரு பைசாவும் என் மாமா மாதிரி ஆட்களைச் சேர்வதும் இல்லை. கேமராவால் நமக்கு ஆக வேண்டியது அபராத வசூல் அல்ல, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பாலிசி. முதலில் எச்சரிக்கை, அப்புறம் அவகாசம், அதற்கும் அசையாதவருக்கு அபராதம் என்ற வரிசையில் போனால் பெரும்பாலோர் அபராதம் வரை வரமாட்டார்கள். இங்கிலாந்தில் 2011 முதல், காப்பீடு இல்லாத வண்டியின் பதிவு உரிமையாளருக்கு முதலில் அறிவிப்புக் கடிதம்தான் போகிறது. அதை மதிக்காவிட்டால்தான் அபராதம்.

நம் நாட்டிலேயே பீகார் 2024-இலும் ஒடிசா 2025-இலும் சுங்கச்சாவடிக் கேமராக்களை வைத்து இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளுக்குச் சலான் அனுப்பத் தொடங்கிவிட்டன. சேலத்தைச் சுற்றி ஓமலூர், வைகுந்தம், மேட்டுப்பட்டி, நத்தக்கரை என்று சுங்கச்சாவடிகளுக்குக் குறைவில்லை. லாரி, கார்களுக்கு அது சரி. ஆனால் பைக்குக்குச் சுங்கமும் இல்லை, ஃபாஸ்டேகும் இல்லை. ஓரத்தில் புகுந்து போய்விடும். கன்னங்குறிச்சியிலும் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் ஓடும் பைக்குகள் எந்தச் சுங்கச்சாவடியையும் பார்ப்பதே இல்லை. ஆகவே பீகார் மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டால் சேலத்துக்கு அரைக் கிணறுதான். ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, குரங்குச்சாவடி மாதிரி ஊருக்குள் இருக்கும் சந்திப்புகளில்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஏற்காட்டைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சனி, ஞாயிறு வந்தால் மலை முழுக்க வெளியூர் பைக்கும் காரும். கோடை விழாச் சமயத்தில் சொல்லவே வேண்டாம். அந்த வளைவுகளில் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளைகளும், எஸ்டேட் வேலை முடித்து ஓரமாக நடக்கும் பெண்களும் உண்டு. வெளியூர் வண்டி இடித்தால் அவர்கள் எந்த ஊரில் போய் யாரைத் தேடுவது? மலைக்குப் போக அடிவாரம் வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. இரண்டிலும் சோதனைச் சாவடி இருக்கிறது, வண்டிகள் எப்படியும் வேகம் குறைத்துத்தான் போகின்றன. நம்பரைப் படிக்க இதைவிட வசதியான இடம் மாவட்டத்தில் இல்லை. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் வண்டிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதும் மலையில் நடக்கிறது. அதில் அடிபட்டால், பாலிசி இருந்தாலும் வாடகைக்கு விட்டதைக் காட்டி கம்பெனி தகராறு செய்யும். எஸ்டேட் பிக்கப்பில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும் ஆட்கள் விஷயம் இன்னும் மோசம். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்குச் சரக்கு வண்டி இன்சூரன்ஸ் பொறுப்பாகாது என்று 2003-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கேமராவில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் ‘உண்டு’ என்றுதான் வரும். அங்கே ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

கேமராவை நம்பினால் வரும் தொல்லைகளும் எனக்குத் தெரியும். ஒழுங்கான நம்பர் பிளேட் போட்டவர் மாட்டுவார், படிக்க முடியாதபடி வளைத்து நெளித்து எழுதியவர் தப்பிப்பார். சில பாலிசிகள் எடுத்து நாளாகியும் தளத்தில் ஏறுவதில்லை. கையில் செல்லும் பாலிசி இருக்கும், திரையில் காலாவதி என்று காட்டும். இன்னொருவர் நம்பரைப் போட்டுக்கொண்டு ஓடும் வண்டிகளும் உண்டு. கேமரா காட்டியதை ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்காமல் சலான் அனுப்பினால், தப்பு செய்யாதவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் கமிஷனர் ஆபீசுக்கும் நடையாய் நடப்பார்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை.

சேலம் மாநகரச் சந்திப்புகளில் நம்பரைப் படிக்கும் கேமரா ஒவ்வொன்றிலும், எந்தக் குற்றத்துக்காகப் படம் எடுத்தாலும், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். இன்று ஹெல்மெட்டுக்காக எடுக்கும் படங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம், அதற்குப் புதுக் கேமரா ஒன்றும் வாங்க வேண்டாம்.

முதல் தடவை அகப்படும் வண்டிக்கு அபராதம் வேண்டாம். பாலிசி எடுக்க 15 நாள் அவகாசம் கொடுத்துத் தமிழில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். அதை எஸ்.எம்.எஸ்.ஸோடு நிறுத்தாமல் பதிவு முகவரிக்குத் தபாலிலும் அனுப்புங்கள். போன் நம்பர் யாருடையது என்பதை நம்ப முடியாது. 15 நாளுக்குப் பிறகும் அதே வண்டி காப்பீடு இல்லாமல் ஓடினால் 196-ஆம் பிரிவில் முழு அபராதம் போடுங்கள், அதில் தயவு காட்ட வேண்டாம். ஆனால் ஒரே வாரத்தில் ஐந்து சந்திப்பைக் கடந்த கூலிக்காரருக்கு ஐந்து சலான் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவிப்பிலேயே, “வண்டியை விற்றுவிட்டீர்களா? பெயர் மாறவில்லை” என்று ஒரு வரி இருக்கட்டும், என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கட்டும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்வது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பழைய வண்டிக் கடைகளில் வெற்றுக் கையெழுத்தோடு கிடக்கும் 29, 30 படிவங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் நேரில் போய்ச் சோதிக்க வேண்டும். அந்தக் கடைகளைத் தொடாமல் கேமராவை மட்டும் நம்பினால் அறிவிப்பெல்லாம் சிவதாபுரத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

கையில் பாலிசி இருந்தும் திரையில் காலாவதி என்று வந்தவர், அதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவியுங்கள். அபராதச் சலான் எதையும் ஓர் அலுவலர் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். படிக்க முடியாத நம்பர் பிளேட்டுகளுக்குச் சந்திப்பில் நிற்கும் காவலர் தனி நடவடிக்கை எடுக்கட்டும்.

ஏற்காடு அடிவாரத்திலும் குப்பனூரிலும் அடுத்த கோடை விழாவுக்கு முன் நம்பர் படிக்கும் கேமரா வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்று திரையில் வந்தால், அங்கேயே நிறுத்தி, போனிலேயே பாலிசி எடுத்த பிறகு மலையேற விடுங்கள். ஆன்லைனில் அதற்கு அதிக நேரம் ஆகாது. வாடகை பைக்குகளையும், ஆள் ஏற்றும் பிக்கப்புகளையும் மாதம் ஒரு முறையாவது நேரில் சோதியுங்கள்.

கடைசியாக, சேலத்துக் கேமராக்கள் மாதாமாதம் எத்தனை வண்டிகளைக் காப்பீடு இல்லாமல் பார்த்தன, அறிவிப்புக்குப் பிறகு அவற்றில் எத்தனை பாலிசி எடுத்தன என்ற இரண்டு எண்களையும் வெளியிடுங்கள். அபராதம் எவ்வளவு வசூலானது என்ற எண்ணைவிட எனக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.